முகக்கவசம் முகத்தோடு ஒட்டுகிறதா? வீட்டிலேயே சோதிக்க எந்த வழி நல்லது

அப்பாவுக்குச் சிறுநீரகம் மாற்றி வைத்த பிறகு மாதம் இரண்டு முறையாவது மருத்துவமனைக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. பொருத்திய உறுப்பை உடல் ஒதுக்காமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை மருந்தால் தணித்து வைத்திருக்கிறார்கள். கூட்டமுள்ள இடங்களில் என்95 கட்டாயம் என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு நாள் புறநோயாளிகள் வரிசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து மாட்டினார். மூச்சு விடும்போதெல்லாம் கண்ணாடியின் கீழ்ப்பாதி வெளுத்துப் போனது. சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர்; பாதிப் பேருக்கு இருமல். மூக்கின் இரு பக்கமும் காற்றுக்கு வாசல் திறந்து வைத்துக்கொண்டு என் அப்பா அங்கே உட்கார்ந்திருந்தார்.

அன்று இரவிலிருந்து நான் தேடியது ஒன்றைத்தான்: முகக்கவசம் ஒரு முகத்தோடு சரியாக ஒட்டுகிறதா என்பதை, ஆலைகளில் வைத்திருக்கும் கருவிகள் இல்லாமல், எங்களைப் போன்ற குடும்பம் எப்படித் தெரிந்துகொள்வது? சில மாதங்களில் ஒவ்வொரு வழியாக முயன்று பார்த்தேன். எதற்கு எவ்வளவு செலவு, எதை எவ்வளவு நம்பலாம் என்பதைக் கீழே எழுதுகிறேன். வீட்டில் காசநோயாளியைக் கவனித்துக்கொள்பவருக்கும், டைல்ஸ் அறுக்கும் தூசியில் நாள் முழுக்க நிற்பவருக்கும் இதே கேள்விதான்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். உறையில் என்95 என்று அச்சிட்டிருந்தால் 95 சதவீதப் பாதுகாப்பு உறுதி என்று நானும் நினைத்திருந்தேன். அந்த எண் துணிக்கு உரியது. என்95 சான்று தரும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் கவசத்தை ஒரு தாங்கியில் காற்றுக் கசியாமல் ஒட்டிவைத்து, நிமிடத்துக்கு 85 லிட்டர் வேகத்தில் உப்புத்துகள் கலந்த காற்றை அதன் வழியே செலுத்திப் பார்க்கிறது. அந்தச் சோதனையில் மனித முகமே கிடையாது. என்95 போன்ற ஐரோப்பிய வகையான எஃப்எஃப்பி2 சான்றுக்கு மனிதர்களிடம் அணிவித்துப் பார்க்கிறார்கள். அங்கேயும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குச் சராசரிக் கசிவு 8 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். மீதி இருவருக்குப் பொருந்தாமலே போனாலும் முத்திரை கிடைத்துவிடும். உங்கள் முகம் அந்த எட்டில் ஒன்றா, இரண்டில் ஒன்றா என்பது முத்திரையைப் பார்த்தால் தெரியாது. அணிந்து சோதித்தால்தான் தெரியும்.

பலரும் சொல்லும் மெழுகுவத்திச் சோதனையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். கவசம் போட்டுக்கொண்டு ஊதினால் சுடர் அணைகிறதா என்று பார்ப்பது, துணி காற்றின் வேகத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைத்தான் காட்டும். ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தாலும் சுடர் அணையாமல் நிற்கும். ஊதுபத்தி வாசனை வருகிறதா என்று முகர்ந்து பார்ப்பது இதைவிடத் தவறு. வாசனை என்பது ஆவி. என்95 துகளைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. நன்றாகப் பொருந்திய கவசத்திலும் சாம்பிராணி மணக்கும், சமையலறைத் தாளிப்பும் மணக்கும். இதை நம்பி நல்ல கவசத்தைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

செலவில்லாத வழி, கையால் பார்க்கும் ஒட்டுச் சோதனை. கவசத்தைப் போட்டு, மூக்குப் பட்டையை இரண்டு கை விரல்களாலும் எலும்போடு சேர்த்து அழுத்திவிட்டு, உள்ளங்கைகளால் முன்பக்கத்தை மூடிக்கொண்டு மூச்சை வெளியே விட வேண்டும். கன்னத்திலோ கண்ணுக்குக் கீழேயோ காற்றுப் பட்டால் கசிவு. பிறகு மூச்சை வெடுக்கென்று உள்ளிழுக்க வேண்டும்; கவசம் லேசாக உள்நோக்கி அமுங்கினால் நல்லது. பத்து வினாடி வேலை. ஒவ்வொரு முறை அணியும்போதும் செய்தே ஆக வேண்டியது இது.

ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் ஏழு பேரை வைத்துப் பல வகைக் கவசங்களின் பொருத்தத்தைக் கருவியால் அளந்தார்கள். கூடவே அணிந்தவர்களின் கைச் சோதனை என்ன சொல்கிறது என்றும் பார்த்தார்கள். கைச் சோதனை கசிவைப் பலமுறை கோட்டை விட்டிருந்தது. ஏழு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் எங்கள் வீட்டில் பிறகு நான் கண்டதும் அதுவே. அப்பா கையை வைத்துப் பார்த்து "ஒன்றும் கசியவில்லை அம்மா" என்று சொன்ன கவசம், அடுத்த சோதனையில் முதல் நிமிடத்திலேயே தோற்றது. பெரிய ஓட்டை கைக்குத் தெரியும். நூறில் இரண்டு மூன்று பங்கு கசியும் சிறிய இடைவெளி கைக்குத் தெரியாது.

செலவு வரிசையில் மறுகோடியில் இருப்பது துகள் எண்ணும் கருவி. போர்ட்டாகவுண்ட் என்பது அதில் பெயர்பெற்றது. அறைக் காற்றில் எத்தனை துகள், கவசத்துக்குள் எத்தனை துகள் என்று மாறி மாறி எண்ணி, முதலதை இரண்டாவதால் வகுத்து ஒரு எண்ணைத் தரும். அதுதான் பொருத்த எண். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிப்படி, மூக்கையும் வாயையும் மூடும் என்95 போன்ற அரைமுகக் கவசத்துக்கு அது 100 ஆவது இருக்க வேண்டும். அதாவது வெளியே நூறு துகள் இருந்தால் உள்ளே ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. கருவியின் விலை பல லட்சம். பெரிய தொழிற்சாலைகளிலும், தொழில்நலச் சோதனைகளைச் செய்து தரும் நிறுவனங்களிலும் இருக்கும். உங்கள் வீட்டில் யாராவது அப்படிப்பட்ட ஆலையில் வேலை பார்த்தால், தயங்காமல் பாதுகாப்பு அதிகாரியைக் கேட்டுப் பாருங்கள். நான் இரண்டு இடங்களில் கேட்டேன். தனிநபர்களுக்குச் செய்வதில்லை என்றார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் சுவைச் சோதனை. ஓஷா விதியின் பின்னிணைப்பில் இது படிப்படியாக எழுதப்பட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். தலைக்கு மேல் ஒரு கூண்டு. அதற்குள் சாக்கரின் என்ற செயற்கை இனிப்பின் கரைசலைப் பனிபோலத் தெளிக்கிறார்கள். கவசம் அணிந்தவர் நாக்கில் இனிப்புத் தெரிந்தால் கசிவு. எளிமையாகத் தோன்றும் இந்த முறைக்குள் இருக்கும் கணக்கைப் புரிந்துகொண்டபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது. கவசம் போடுவதற்கு முன்பே, 100 மி.லி. நீரில் 0.83 கிராம் சாக்கரின் கலந்த மெல்லிய கரைசலைத் தெளித்து, இவருக்கு இனிப்புத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு கவசத்தோடு தெளிப்பது 100 மி.லி.க்கு 83 கிராம் கலந்த கெட்டிக் கரைசல். நூறு மடங்கு. மெல்லியதை உணர்ந்த நாக்கு, கவசம் போட்ட பின் நூறு மடங்கு கெட்டியானதை உணரவில்லை என்றால், நூறில் ஒரு பங்குகூட உள்ளே போகவில்லை என்று பொருள். லட்சக்கணக்கில் விலையுள்ள கருவி தேடும் அதே 100 என்ற எல்லையை மனிதனின் நாக்கே காட்டிவிடுகிறது.

இந்தச் சோதனைக்குத் தயார் பெட்டியே விற்கிறார்கள். த்ரீஎம் நிறுவனத்தின் பெட்டியில் கூண்டு, கையால் அமுக்கும் இரண்டு தெளிப்பான், இரண்டு கரைசல் எல்லாம் இருக்கும். இனிப்பு வகையும் உண்டு; பிட்ரெக்ஸ் என்ற கடுங்கசப்புப் பொருளால் ஆன வகையும் உண்டு. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாருக்கும் சோதித்துவிடலாம். நான் விசாரித்தபோது விலை பத்தாயிரத்தைத் தாண்டியது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது அதிகம் என்று தோன்றியது. அந்தப் பணத்துக்கு இன்னும் எத்தனையோ கவசங்களை வாங்கிப் போட்டுப் பார்க்கலாம்.

அதனால் அதே சோதனையை வீட்டுப் பொருள்களைக் கொண்டு செய்தேன். இந்த வழியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஏற்கெனவே இதற்கான முக்கியக் கருவி இருக்கிறது. குழந்தைகளுக்கு இளைப்பு வந்தால் மருந்து கொடுக்க வாங்கி வைத்திருக்கும் நெபுலைசர்தான் அது. எங்களிடம் இருந்தது தம்பி மகனுக்காக வாங்கிய, மோட்டார் ஓடும் சாதாரண வகை. மருந்து ஊற்றும் கிண்ணத்தை மட்டும் புதிதாக இரண்டு வாங்கினேன். ஒன்றில் சிவப்பு நூல் கட்டிக் கெட்டிக் கரைசலுக்கு, இன்னொன்று மெல்லியதற்கு. குழந்தை பயன்படுத்தும் கிண்ணத்தை இதற்கு எடுக்கவே கூடாது. சல்லடைத் தகடு வைத்த சிறிய கைநெபுலைசரையும் ஒருமுறை முயன்றேன். கெட்டிக் கரைசல் பாகுபோல இருப்பதால் தகடு அடைத்துக்கொண்டது. மோட்டார் வகைதான் இதற்குத் தோது.

சாக்கரின் வாங்கும்போது கவனம் வேண்டும். மாத்திரை வேண்டாம்; அதில் வேறு மாவுப் பொருள்களும் கலந்திருக்கும். உணவுத் தரம் என்று உறையில் போட்ட சோடியம் சாக்கரின் தூள் வேண்டும். நீர், மருந்துக்கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீர். பேட்டரிக்கு ஊற்றுவது அல்ல. நூறு மி.லி. கரைசல் வீட்டுக்குத் தேவையில்லை. 25 மி.லி. வெதுவெதுப்பான நீரில் 21 கிராம் தூளைக் கரைத்தால் போதும். சமையலறைத் தராசே அதை நிறுத்துவிடும். மெல்லிய கரைசலுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தூளை நிறுக்கப் போராட வேண்டாம். கெட்டிக் கரைசலிலிருந்து ஊசிக் குழாயால் 1 மி.லி. எடுத்து 100 மி.லி. நீரில் விட்டால் ஆயிற்று. ஓஷாவும் அதை ஏற்கிறது. அப்பாவின் உடல்நிலையை நினைத்து, கிண்ணங்களைக் கொதிநீரில் போட்டு எடுத்து, கரைசலை அன்றன்றே கலந்து, மிச்சத்தைக் கொட்டிவிட்டேன். தொடங்குவதற்கு முன் அவருடைய மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டேன். இளைப்போ மூச்சுத்திணறலோ உள்ளவர்கள் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

கூண்டு 30 சென்டிமீட்டர் குறுக்களவும் 35 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும் என்கிறது விதி. சாப்பாட்டு மேசைமேல் விரிக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் விரிப்பை மீட்டர் கணக்கில் வாங்கி, உருளையாகச் சுருட்டி ஒட்டி, மேல்பக்கத்தை அதே விரிப்பால் மூடினேன். மூக்குக்கும் வாய்க்கும் நேராக இரண்டு சென்டிமீட்டர் துளை. கீழ்ப்பக்கம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். கழுத்தில் எதையும் கட்டக் கூடாது. பாலிதீன் பையைத் தலையில் கவிழ்க்கவே கூடாது. தனியாக இருக்கும்போது செய்யக் கூடாது. குழந்தைகளைக் கூண்டுக்குள் விடக் கூடாது. இதில் யாரும் சலுகை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் முயற்சி வீணாயிற்று. அப்பா காலைக் காபி குடித்த கையோடு உட்கார்ந்துவிட்டார். மெல்லிய கரைசலை எவ்வளவு தெளித்தும் "ஒன்றும் தெரியவில்லையே" என்றார். சர்க்கரை போட்ட காபி குடித்த நாக்கு அவ்வளவு மெல்லிய இனிப்பை உணராது. சோதனைக்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் படக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. நான்தான் படித்தும் மறந்திருந்தேன். மறுநாள் விடியற்காலையில், வாய் கொப்பளித்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார். வாயைச் சற்றே திறந்து, நாக்கு நுனியை வெளியே நீட்டிக்கொண்டு மூச்சு விட வேண்டும். பதினான்காவது வினாடியில் கையைத் தூக்கினார்.

அந்தப் பதினான்கு வினாடியை நோட்டில் எழுதிக்கொண்டேன். தயார் பெட்டியில் தெளிப்பானை எத்தனை முறை அமுக்கினார்கள் என்று எண்ணுவார்கள். இனிப்புத் தெரிய 10, 20, 30 என்று எத்தனை அமுக்கல் ஆயிற்றோ, கவசத்தோடும் முதலில் அதே அளவு, பிறகு 30 வினாடிக்கு ஒருமுறை அதில் பாதி. நெபுலைசரில் அமுக்கல் இல்லை. ஆகவே வினாடிகளை வைத்துக்கொண்டேன். கெட்டிக் கரைசல் பாகுபோல இருப்பதால் அதே நேரத்தில் குறைவாகவே வெளிவரும் என்று தோன்றியதால், எல்லாவற்றையும் ஒன்றரை மடங்காக்கினேன். இது என் சொந்தத் திருத்தம். இந்த இடத்தில்தான் வீட்டு முறை பெட்டி முறையைவிடத் துல்லியம் குறைந்தது; அதை மறைக்க விரும்பவில்லை.

அந்தக் குறையை ஈடுகட்ட ஒரு சிறிய வேலை உண்டு. எல்லாம் முடிந்து, இனிப்பே தெரியவில்லை என்று அவர் சொன்ன பிறகும் கூண்டை எடுத்துவிட வேண்டாம். இன்னொரு முறை தெளித்து, கூண்டுக்குள் கையை விட்டுக் கவசத்தின் கன்ன ஓரத்தை ஒரு விரலால் லேசாகத் தூக்கச் சொல்லுங்கள். உடனே இனிக்க வேண்டும். இனித்தால், கூண்டுக்குள் பனி நிறைந்திருக்கிறது, நாக்கும் விழித்திருக்கிறது, அதுவரை கவசம்தான் தடுத்தது என்று உறுதியாகும். இனிக்காவிட்டால் அந்தத் தேர்ச்சி செல்லாது.

சோதனை ஏழு நிமிடம். சாதாரண மூச்சு ஒரு நிமிடம், ஆழ்ந்த மூச்சு ஒரு நிமிடம், தலையை இடம் வலமாகத் திருப்புவது, மேலும் கீழும் அசைப்பது, பேசுவது, குனிந்து நிமிர்வது, மறுபடி சாதாரண மூச்சு. அசைவுகளைச் சுருக்கிவிடாதீர்கள். வரிசையில் உட்கார்ந்திருக்கும் மனிதர் அசையாமலா இருக்கிறார்? பெயரைக் கூப்பிட்டால் திரும்புகிறார், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிறார், கீழே விழுந்த சீட்டை எடுக்கக் குனிகிறார்.

அப்பா வழக்கமாகப் போடும், காதில் மாட்டும் கவசம் முதல் நிமிடத்தைத் தாண்டவில்லை. இரண்டாவதாக எடுத்தது கிண்ண வடிவில் கெட்டியாக இருக்கும், தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை உள்ள வகை. அது நான்கு நிமிடம் தாங்கியது. பேசும் கட்டத்துக்கு ஓஷா ஒரு பத்தியைப் படிக்கச் சொல்கிறது, அல்லது நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்கிறது. அப்பா பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லத் தொடங்கினார். "ஏழு பதினாறு நூற்றுப் பன்னிரண்டு" என்று சொல்லும்போது தாடை கீழே இறங்கியது. கவசத்தின் அடி விளிம்பு மோவாயிலிருந்து ஒரு நூலிழை அகன்றதை நான் பிளாஸ்டிக்குக்கு வெளியிலிருந்தே பார்த்தேன். எட்டு பதினாறுக்கு அவர் போகவில்லை. "இனிக்கிறது அம்மா" என்றார்.

தோற்ற பிறகு முகம் கழுவி, வாய் கொப்பளித்து, கால் மணி நேரம் விட்டு, மெல்லிய கரைசலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பொறுமை கேட்கிற வேலைதான். ஒரு காலையில் ஒருவருக்கு இரண்டு கவசத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. மூன்றாவது, மூன்று மடிப்பாக விரியும் வகை. பேசும்போது நடுமடிப்பு மட்டும் அசைந்து ஓரம் அசையாமல் நிற்கும்படி அமைந்தது. மறுநாள் காலையில் அது ஏழு நிமிடமும் நின்றது. விரலால் தூக்கியதும் இனித்தது.

செலவு எனக்கு, கவசங்கள் நீங்கலாக, ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. நெபுலைசரும் வாங்க வேண்டியிருந்தால் இரண்டாயிரத்தை ஒட்டி வரும். சாக்கரின் இனிப்பையே உணராதவர்களும் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு சுவை மங்கியவர்களும் இருக்கிறார்கள். மெல்லிய கரைசலைத் தெளித்துத் தெளித்தும் தெரியவில்லை என்றால் இந்த வழி அவர்களுக்கு இல்லை. கசப்புக் கரைசலை மட்டும் தனியாக வாங்கி இதே கூண்டில் செய்யலாம்.

சுவையை நம்ப முடியாதவர்களுக்கு இன்னொரு வழி, மலிவான துகள் உணரி. காற்றின் தூசியை அளக்கும் பிளான்டவர் போன்ற சிறிய லேசர் உணரிகள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அக்காள் மகன் பொறியியல் படிக்கிறான். அவன் ஆர்வமாக ஒன்றைக் கட்டிக் கொண்டுவந்தான். கவசத்தில் துளையிட்டுச் சிறு குழாயைப் பொருத்தி, உள்ளிருக்கும் காற்றைச் சின்னப் பம்பால் உறிஞ்சி உணரிக்கு அனுப்ப வேண்டும். போர்ட்டாகவுண்ட் செய்வதும் இதுவே. ஆனால் அது ஆல்கஹால் ஆவியால் மிக நுண்ணிய துகளையும் பெரிதாக்கி எண்ணுகிறது; இந்த உணரிக்கு 0.3 மைக்ரானுக்குக் கீழே கண் தெரியாது. நல்ல கவசத்துக்குள் துகள் மிகச் சிலவே இருப்பதால் எண்கள் குதிக்கின்றன. நம் மூச்சிலேயே உள்ள ஈரத்துளிகளும் கணக்கில் சேர்ந்துகொள்கின்றன. அறையில் துகள் அடர்த்தியாக இருந்தால்தான் கணக்கு வரும் என்று அவன் ஊதுபத்தி கொளுத்தப் போனான். அப்பா இருக்கும் வீட்டில் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். உப்புநீரை, ஒலியதிர்வால் பனி கிளப்பும் ஈரப்பதக் கருவியில் விட்டால் போதும். நீர் உலர்ந்து உப்புத்துகள் மிதக்கும்.

இருந்தாலும் இந்த வழிக்கு ஒரு பெரிய சிறப்பு உண்டு. எந்த அசைவில் கவசம் விலகுகிறது என்பதைத் திரையில் கண்ணால் பார்க்கலாம். என் கவசத்தில், தலையை வலப்பக்கம் திருப்பும்போது மட்டும் எண் ஏறியது. பார்த்தால் கீழ்ப்பட்டை பின்னலுக்கு மேலாகக் கிடந்தது. பின்னலைத் தூக்கி, பட்டையைக் கழுத்தோடு படிய விட்டதும் ஏற்றம் நின்றது. எண்ணெய் தேய்த்த தலையில் மேல்பட்டை வழுக்கி இறங்குவதையும் இப்படித்தான் கண்டுபிடித்தோம். சுவைச் சோதனை தேர்ச்சியா தோல்வியா என்று மட்டும் சொல்லும். ஏன் என்று சொல்லாது. மின்னணு வேலை தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் இதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். இது காட்டும் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க நான் துணிய மாட்டேன்.

சோதனைக்குச் செலவழிப்பதற்குப் பதில் கவசத்தையே மாற்றிவிடலாமே என்று கேட்டால், அதுவும் சரியான கேள்விதான். சிலிகோன் ரப்பரால் ஆன அரைமுகக் கவசம் பக்கத்துக்கு ஒரு வடிகட்டியோடு, மூன்று அளவுகளில் கிடைக்கிறது. காகிதக் கவசத்தைவிட முகத்தில் நன்றாகப் படியும், வடிகட்டியைக் கையால் மூடிச் செய்யும் ஒட்டுச் சோதனையும் தெளிவாகத் தெரியும், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். கல், டைல்ஸ், சிமென்ட் தூசியில் வேலை செய்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். இதற்கும் பொருத்தச் சோதனை விலக்கு இல்லை. அதே கூண்டு, அதே 100. மருத்துவரிடம் பேசும்போது குரல் அமுங்கிப் போகிறது என்று அப்பா இதை வேண்டாம் என்றுவிட்டார்.

மீசையைப் பற்றி ஒரு வார்த்தை. கவசத்தின் விளிம்பு படும் இடத்தில் மயிர் இருக்கக் கூடாது. ஒரு நாள் தாடி முள்கூடக் கசிவுக்கு வழி. கவசத்துக்குள்ளேயே அடங்கும் மீசை பரவாயில்லை. அப்பாவின் மீசை தப்பியது. தம்பியின் தாடி தப்பவில்லை. அவன் மழித்துவிட்டு வந்தால்தான் கூண்டுக்குள் விடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். முகப்பவுடரும் விளிம்பை வழுக்கச் செய்கிறது. வெளியே கிளம்பும் நாளில் அம்மா பவுடரைக் கவசம் படும் இடத்தில் பூசுவதில்லை.

ஆக, வீட்டில் நெபுலைசர் இருந்து நாக்கும் நன்றாக இருந்தால் வீட்டுச் சாக்கரின் முறை. பத்துப் பேருக்கு மேல் என்றால் தயார் பெட்டி. ஆலையில் கருவி கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. கைச் சோதனை எல்லாருக்கும், தினமும். தேறியதும் அதே நிறுவனம், அதே மாதிரி, அதே அளவுதான் வாங்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்து மாதிரி எண் வேறானால் அது வேறு கவசம். உடல் எடை கூடினாலோ குறைந்தாலோ, பல் கட்டினாலோ, மறுபடி கூண்டு. ஒரே கவசத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை தளர்ந்துவிடும்; தயாரிப்பாளர் வேறு சொல்லாவிட்டால் ஐந்து முறைக்கு மேல் அணிய வேண்டாம் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்லியிருக்கிறது. அப்பா மருத்துவமனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கவசத்தின் உறையில் பேனாவால் ஒரு கோடு போடுகிறேன்.

போன வாரம் நான்காவது கோடு. அதே வரிசை, அதே நாற்காலிகள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடியை அவர் ஒருமுறைகூடக் கழற்றவில்லை.